வடிவோட இடது கிட்னி

பேசாம இருலே ஆவுடை, ஒரு எடத்துல இருன்னு எனக்கு நானே சொல்லிப் பாக்கேன், கேட்டாத்தான. இந்த நாற்காலியும் சரியில்ல. அஞ்சாறு இரும்பு நாற்காலியை ஒரே சட்டத்துல வச்சு முடுக்கி வச்சிருக்கான், நான் இந்தக் கடைசியில காலை ஆட்டினா அந்தக் கடைசியில இருக்க மாசமான பிள்ளையும் சேந்து ஆடுது, அது புருசன் என்னை மொறைக்கான். மொறைக்கட்டும். அவனுக்கு என்ன, வந்தான், பொண்டாட்டிக்கு பிரஷர் பாத்தான், இரும்புச்சத்து மாத்திரை வாங்கினான், போற வழியில புரோட்டா தின்னுட்டுப் போவான். எனக்கு அப்படியா. எனக்கு இன்னைக்கு ரிசல்ட். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக் கூட நான் இப்படித் தவிக்கல, அதுல தோத்துருவேன்னு முன்னாலயே தெரியும், நிம்மதியா இருந்தேன். இது அப்படியில்ல. அந்தப் பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கது என் தங்கச்சி வடிவு, முழுப் பேரு சண்முகவடிவு, எட்டாம் மாசம் நடக்கு, அவகிட்ட இருக்கது ஒரே ஒரு கிட்னி. இன்னொண்ணு எங்கன்னு கேட்டா, இந்தா, இங்கன, என் சட்டைக்குள்ள, வலது அடிவயித்துல, தொட்டா புடைப்பாத் தெரியும். அவளோட இடது கிட்னி எனக்கு வலது பக்கத்துல இருந்து வேலை பாக்கு. அஞ்சு வருசமாப் பாக்கு, ஒரு நாள் லீவு போட்டதில்ல. நான் ஒண்ணுக்குப் போற ஒவ்வொரு தடவையும் அவ புண்ணியம். அவ புண்ணியத்துல நான் இருக்கேன், ஆனா அவ புண்ணியத்துக்கு இப்ப என்ன கூலி குடுக்கப் போறாங்கன்னு தெரியல, அதான் கால் ஆடுது.

காலையில அந்த நர்ஸம்மா வடிவு வயித்துல சின்ன மைக் மாதிரி ஒண்ணை வச்சு அமுக்கி இப்படியும் அப்படியும் திருப்பினாங்க, திரைக்கு வெளிய நிக்க எனக்குக் கேட்டுச்சு, முதல்ல கரகரன்னு காத்து, அப்புறம் வந்துச்சு பாரு ஒரு சத்தம், தடதடதடதடன்னு. எனக்குத் தொழிலே சத்தம்தான். பாளையங்கோட்டையில மைக் செட் ஆவுடையப்பன் குழாய் ஸ்பீக்கர் கட்டாத கோயில் கொடை கிடையாது, கல்யாணம் கிடையாது, கட்சிக் கூட்டத்துல எதிர் எதிர் கட்சிக்கு ஒரே நாள்ல ரெண்டு மைதானத்துல செட் போட்டவன் நான். எத்தனை மேளம், எத்தனை உறுமி, எத்தனை வெடி. ஆனா இந்தச் சத்தம் என்ன வேகம், எதுக்கு இந்த ஓட்டம் ஓடுதே தங்கம், எங்க போகணும் உனக்கு, மாமன் வண்டி வச்சிருக்கேன்லா, வெளிய வா கூட்டிட்டுப் போறேன். வேண்டாம் வேண்டாம், இப்ப வராத, சும்மா சொன்னேன், இன்னும் ஒன்றரை மாசமாவது உள்ளயே கிட. நான் நர்ஸம்மாகிட்ட, ஒரே ஒரு தடவை இன்னொருக்க வைங்க, போன்ல பிடிச்சுக்கிடுதேன்னு கேட்டேன், ஆம்பளைங்க வெளிய போங்கன்னு வெரட்டிட்டாங்க. அதைப் பிடிச்சு நல்லா சுத்தம் பண்ணி, நாலு குழாய்ல போட்டா தெருவே நின்னு கேக்கும். இதைப் போய் அம்மாகிட்டச் சொன்னேன், கோட்டிக்காரப்பயலேன்னா. நான் கோட்டிதான், பைத்தியந்தான். தாய்மாமன் ஆகப்போறேன்லா, இப்பக் கோட்டி பிடிக்கலைன்னா எப்பப் பிடிக்க. மாமன் மடியில உக்கார வச்சு மொட்டை போடணும், காது குத்தணும், அது அழ நான் கூட அழ, அத்தனையும் இப்பவே கண்ணுக்குள்ள ஓடுது, நடுவுல பிரஷர்ங்குத ஒரு சொல்லு வந்து குறுக்க நிக்கு.

அதைப் பத்தி நினைக்கக் கூடாதுன்னு நினைச்சா அதுதான் முன்னால வரும். போன வாரம் வரைக்கும் எல்லாம் நல்லாத்தான போச்சு. இங்க ஒரு ஆராய்ச்சி நடக்கு, அதுல வடிவைச் சேத்தது டாக்டர் பெனிட்டா. சின்ன வயசு, நடக்கதே ஓட்டம்தான், பேச ஆரம்பிச்சா கை ரெண்டும் காத்துல படம் போடும். கிட்னி குடுத்த பொம்பளைங்க பின்னால மாசமானா மத்தவங்களை விடக் கூடுதலா பிரஷர் வருதாம், எல்லாருக்கும் இல்ல, சில பேருக்கு. யாருக்கு வரும், ஏன் வருது, வரதுக்கு முன்னாலயே பிடிக்க முடியுமா, இதான் அவங்க தேடுதது. முதல் நாள் என்னையும் அம்மாவையும் உக்கார வச்சுச் சொன்னாங்க, மிச்சம் இருக்க ஒத்தக் கிட்னி தன்னால வீங்கிப் பெருசாகி ரெண்டு பேர் வேலையைப் பாத்துக்கிடுமாம், வயித்துல பிள்ளை வந்தா அதுக்கு மேல இன்னும் அரை ஆள் வேலை. பாவம், என்னா உழைப்பு. அப்புறம் நஞ்சுக்கொடி ரத்தத்துல ரெண்டு புரதத்தை விடுமாம், ஒண்ணு ரத்தக்குழாயை வளக்கது, இன்னொண்ணு வளர விடாமப் பிடிச்சு நிறுத்தது. நான் சும்மா இருப்பேனா, சவுண்டு மிக்சர்ல திருகுத குமிழ் ரெண்டு இருக்குமே டாக்டர், ஒண்ணை ஏத்தி இன்னொண்ணை எறக்கினா வீய்ங்குன்னு அலறுமே அந்த மாதிரியான்னு கேட்டேன். ஆமா ஆமா அதேதான்னு சிரிச்சாங்க. அலறுச்சுன்னா பிரஷர் எகிறும், கிட்னியோட சல்லடை பழுதாகி புரதம் ஒழுகும், கடைசியில ஜன்னி. தாய்க்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது. அதுக்கு மருந்துன்னு பாத்தா ஒண்ணே ஒண்ணுதான், பிள்ளையை வெளிய எடுக்கது. போன வாரம் எடுத்த ரத்தத்துல வடிவுக்கு கிரியேட்டினின் ஏறிட்டு, கிட்னி வடிகட்டாம விட்ட கழிவோட அளவு அது. மாசமா இருக்கையில அது எறங்கி நிக்கணும், எறங்கித்தான் நின்னுச்சு, பொசுக்குன்னு ஏறிட்டு. பிரஷரும் வரம்பை ஒட்டி வந்து நிக்கு. அதனால அந்த ரெண்டு புரதத்தோட கணக்கு இன்னைக்கு வருது. மோசம்னா இப்பவே பெட்ல சேத்து, பிள்ளை நுரையீரலுக்கு ஊசி போட்டு, ரெண்டொரு நாள்ல எடுத்துருவாங்க. கையளவு பிள்ளை. கண்ணாடிப் பெட்டியில மூக்குல குழாயோட. நினைக்காதலே, நினைக்காத. தடதடதடன்னு ஓடிச்சே, அதை நினை.

போன் அடிக்கு. மாப்பிள்ளை நம்பிராஜன்தான். தூத்துக்குடி துறைமுகத்துல கிரேன் ஓட்டுதாரு, உயரத்துல அந்தக் கூண்டுக்குள்ள இருந்துக்கிட்டு எறக்குத ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு போன். என்ன மச்சான் ஆச்சு, கூப்பிட்டாங்களா, வடிவு என்ன செய்யுதா, சாப்பிட்டாளா. இன்னும் கூப்பிடல மாப்பிள்ளை, நீங்க பெட்டியைக் கடல்ல போட்டுராதீங்கன்னு சொல்லி வச்சேன். தங்கமான மனுசன். கிட்னி குடுத்த பொண்ணுன்னு எத்தனை பேர் வாசல் வரைக்கும் வந்துட்டுக் காப்பி கூடக் குடிக்காமப் போனாங்க, இவரு மட்டுந்தான், அண்ணனுக்கே இதைச் செஞ்சவ புருசனுக்கு என்னதான் செய்ய மாட்டாள்னு சிரிச்சுக்கிட்டே சரின்னாரு. வாய் வறண்டு போச்சு. பையில இருந்து என் பாட்டிலை எடுத்து அந்தப் பக்கமாத் திரும்பி நின்னு குடிக்கேன். ஒரு நாளைக்கு மூணு லிட்டர் குடிக்கணும் நான், மாத்தி வச்ச கிட்னிக்கு அதான் சட்டம். வடிவு பாக்க குடிக்கக் கூடாதுன்னு திரும்பிப் பழகிட்டு, இப்ப அவ திரைக்குள்ள இருக்கா, இருந்தாலும் உடம்பு தன்னால திரும்புது. அவளுக்கு அளவு உண்டு. சீமந்தம் முடிஞ்சு அவளை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து கொஞ்ச நாள்ல காலு வீங்கிட்டு, செருப்பு நுழையல, அம்மாவுக்கு ஈரக்கொலை நடுங்கிட்டு. எனக்கு வீங்கினதைப் பாத்தவள்லா அவ. டயாலிசிஸ் மெஷின்ல நான் கிடந்த ரெண்டு வருசமும் எனக்கு அளந்து குடுத்த அரை லிட்டர் சின்ன பாட்டில் ஒண்ணு உண்டு, அதைத் தேடி எடுத்துக் கழுவி, வடிவுக்கும் அதுலதான். காய்கறியை நறுக்கி ரெண்டு தடவை வேக வச்சு தண்ணியைக் கொட்டுதது, எளநியா மூச்சு விடாதே, வாழைப்பழமா தொடாதே, பருப்பு பாதி, எல்லாம் பழைய சட்டம். நானும் சரின்னுதான் சொன்னேன். வீக்கம்னா தண்ணியைக் குறைக்கணும், எங்க வீட்டுல அது அரிச்சுவடி, தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவோம். ஆஸ்பத்திரியில குடுத்த தாளுல நிறையத் தண்ணி குடிக்கணும்னு போட்டிருக்குன்னு வடிவு ஒருக்க சொன்னா. அது ரெண்டு கிட்னி உள்ளவங்களுக்குச் சொல்லுததுட்டின்னு அம்மா ஒரே வார்த்தையில முடிச்சிட்டா. இந்தக் கத்திரி வெயில்ல பாவம் நாக்கால உதட்டை நனைச்சுக்கிட்டே இருக்கா. அம்மா இப்பவும் அந்த பாட்டிலை மடியில வச்சுக்கிட்டு என் பக்கத்துல உக்காந்திருக்கா, சாமி பிரசாதத்தைப் பிடிச்ச மாதிரி ரெண்டு கையாலயும். வாய் முணுமுணுங்குது. எந்தச் சாமின்னு தெரியல, எல்லாச் சாமியும்தான்.

ஒண்ணுக்குப் போனா நுரைக்குதாட்டின்னு நான் தங்கச்சிகிட்ட நேரா கேக்க முடியுமா. புரதம் ஒழுகினா மூத்திரம் நுரைக்கும், அது எனக்குத் தெரிஞ்ச மாதிரி டாக்டருக்கே தெரியாது, நான் எத்தனை நாள் குனிஞ்சு பாத்துக்கிட்டு நின்னவன். அம்மாவை விட்டுக் கேக்கச் சொன்னேன், அம்மா கேட்டா, நுரைக்கல ஆனா மஞ்சளா கொஞ்சமாப் போவுதுன்னு அவ சொன்னதா அம்மா வந்து சொன்னா. நுரைக்கலைன்னா நல்லதுதான. நல்லதுன்னா கிரியேட்டினின் ஏன் ஏறுது. ஏறுதுன்னா கெட்டதுதான. கெட்டதுன்னா நுரைக்கணும்லா. சுத்திச் சுத்தி இந்த எடத்துலயே வந்து நிக்கேன், பழைய இசைத்தட்டுல கீறல் விழுந்த மாதிரி. இதுக்கு அடியில இன்னொண்ணு கிடக்கு, அதுதான் முள்ளு. இப்ப அவளுக்குப் பத்தாமப் போவுதே அந்த அரை ஆள் வேலை, அதைப் பாக்க ஆள் என்கிட்டல்லா இருக்கான். சும்மா உக்காந்திருக்கான் என் வயித்துல. மைக் செட்காரனுக்கு எதுக்கு இம்புட்டு நல்ல கிட்னி. திருப்பிக் குடுக்க முடியுமான்னு போன வாரம் டாக்டர்கிட்டக் கேட்டே புட்டேன், அவங்க சிரிக்கல, என் தோளைத் தட்டிட்டு அப்படியெல்லாம் முடியாதுன்னு மட்டும் சொன்னாங்க. அன்னைக்கு, அஞ்சு வருசம் முன்னால, அம்மாவுக்கு சுகர் இருக்கதனால அவ கிட்னியை எடுக்க முடியாதுன்னு சொன்னப்ப எல்லாரும் சொவத்தைப் பாத்துக்கிட்டு நின்னோம். வடிவு அப்பத்தான் காலேஜ் முடிச்சிருந்தா. நான் தாறேன்னா. அவ்வளவுதான் சொன்னா, பேனா தாறேன்னு சொல்லுத மாதிரி. நான் வேண்டாம்னு சொன்னேன். சத்தமாச் சொன்னேனா, மெதுவாச் சொன்னேனா? குழாய்ல சொன்னா நாலு தெருவுக்குக் கேக்கும், அன்னைக்கு என் சத்தம் எனக்கே கேக்கல. எனக்கு உயிர் மேல ஆசை இருந்துச்சு, அதுல என்ன பொய். அன்னையில இருந்து ஊருக்கே அவ தெய்வம். தங்கச்சி இல்லப்பா அவ தெய்வம்னு பாக்கவன் எல்லாம் என்கிட்டச் சொல்லுதான், நானும் ஆமா ஆமாங்கேன். தெய்வத்துக்கிட்ட எப்படி டிவி ரிமோட்டுக்குச் சண்டை போட. முந்தி நாங்க சண்டை போட்டா தெருவே வேடிக்கை பாக்கும், ஒருக்க சோத்துத் தட்டைத் தூக்கி என் மேல எறிஞ்சவ அவ, இன்னும் நெத்தியில தழும்பு இருக்கு. ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு வார்த்தை அதிர்ந்து பேசினது இல்ல, அவளும் இல்ல, நானும் இல்ல. என்னண்ணே, சாப்பிட்டியாண்ணே. சாப்பிட்டேம்மா. ரெண்டு பேரும் கண்ணாடிச் சாமானைப் பிடிக்க மாதிரிப் பிடிச்சுப் பிடிச்சுப் பேசுதோம். வருத்தப்படுதியாட்டின்னு ஒரு நாளும் கேட்டதில்ல. கேட்டா இல்லம்பா. இல்லன்னு சொன்னா அது நெசமான்னு எனக்கு எப்படித் தெரியும்.

சண்முகவடிவு கூட வந்தவங்க யாருன்னு கூப்பிடுதாங்க. எந்திரிச்ச வேகத்துல நாற்காலி வரிசையே ஆடிப்போச்சு, மன்னிச்சுக்கோங்கன்னு அந்த மொறைக்கான்கிட்டச் சொல்லிட்டு ஓடுதேன், அம்மா பின்னால ஓடி வாறா. திரையை விலக்கினா வடிவு படுக்கையில எந்திரிச்சு உக்காந்திருக்கா, முகம் வெளுத்திருக்கு, என்னைப் பாத்து சிரிக்கா. டாக்டர் பெனிட்டா கம்ப்யூட்டர்ல இருந்து திரும்பினாங்க. கை ரெண்டும் காத்துல ஏறிட்டு. “ரெண்டு குமிழும் சரியா இருக்கு. இது அந்த நோய் இல்ல. புரதமும் ஒழுகல. பிள்ளையை இப்ப எடுக்கத் தேவையில்ல”ன்னாங்க. நான் என்ன செஞ்சேன்னு எனக்கே தெரியல, அம்மா சொல்லித்தான் தெரியும், கட்டிலோட இரும்புக் கம்பியைப் பிடிச்சுக் கும்பிட்டேனாம். இல்ல, எடுக்க வேண்டாம், உள்ளயே கிடக்கலாம், தடதடதடன்னு ஓடலாம், ஓடுலே தங்கம், ஓடு. ஆனா டாக்டர் உக்காரல. அங்குமிங்கும் நடக்காங்க. அப்போ கிரியேட்டினின் ஏன் ஏறுச்சு, அப்போ ஏன் ஏறுச்சுன்னு தனக்குத்தானே கேக்காங்க, அவங்களுக்கும் நாற்காலி பிடிக்கல போல. மூத்திரம் இவ்வளவு கட்டியா இருக்கேன்னு ரிப்போர்ட்டை இன்னொருக்க பாத்துட்டு, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்கன்னு வடிவுகிட்டக் கேட்டாங்க. வடிவு அம்மாவைப் பாத்தா. அம்மா அந்த பாட்டிலைத் தூக்கிக் காட்டினா, எவ்வளவு பெருமை அந்த முகத்துல, பரிசு வாங்கினவ மாதிரி. “இதுல ஒண்ணரை, டாக்டரம்மா. கூட ஒரு சொட்டு குடுக்கதில்ல.”

டாக்டர் அந்த பாட்டிலைப் பாத்தாங்க, அம்மாவைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. அப்புறம் என் கையில இருக்க பெரிய பாட்டிலைப் பாத்தாங்க. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் உறைச்சுது. அட பாவி, அட சண்டாளா, மூணு லிட்டரை வச்சுக்கிட்டு அவளுக்கு முதுகைக் காட்டி நின்னு குடிச்சிருக்கேனேலே. கிட்னிக்கு வேலை கூடிட்டு கூடிட்டுன்னு அழுதோம், வேலைக்குத் தண்ணியைக் குடுக்காமப் போட்டது நாங்க. கிட்னி கெட்டவனுக்கு உள்ள சட்டத்தை நல்ல கிட்னி உள்ளவ தலையில கட்டியிருக்கோம். மாசமா இருந்தா கால் வீங்கத்தான் செய்யும்னு டாக்டர் எவ்வளவு மெதுவாச் சொல்லுதாங்க, அம்மா முந்தானையை வாயில திணிச்சுக்கிட்டு, நானே எம்பிள்ளைய வாட்டிட்டேனே, இவனுக்கு அதைத்தான செஞ்சேன், இவன் பிழைச்சானேன்னு அழுதா. டாக்டர் அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. நீங்க சொன்னதாலதான் தெரிஞ்சுதும்மா, ரெண்டு நாள் நல்லாத் தண்ணி குடிச்சிட்டு வந்து திரும்ப ரத்தம் குடுக்கட்டும், எறங்கிரும்னாங்க. சொல்லிக்கிட்டே இருந்தவங்க டப்புனு நிறுத்திட்டு நெத்தியில அடிச்சுக்கிட்டாங்க. அவங்க ஆய்வுல இன்னும் ரெண்டு பேருக்கு இப்படியே காரணம் தெரியாம ஏறியிருக்காம், நோய் வருதோன்னு பயந்துக்கிட்டு இருந்தாங்களாம். “கிட்னி குடுத்தவங்க வீடு எல்லாமே டயாலிசிஸ் பாத்த வீடுதானே, அய்யோ, நாங்க இதைக் கேக்கவே இல்லையே”ன்னு போனை எடுத்துக்கிட்டு வெளிய ஓடினாங்க, அவங்க குரல் அந்த நடைபாதை பூராக் கேக்கு, வீட்டுல எவ்வளவு தண்ணி தராங்க, யார் அளக்கிறாங்கன்னு. ஓட்டம்னா ஓட்டம், அந்த ஓட்டத்தைப் பாத்தா எனக்கும் கூட ஓடணும் போல இருக்கு. நான் என் பாட்டிலை நீட்டினேன். வடிவு வாங்கி வாயில வச்சு மடக்மடக்னு, நிறுத்தவே இல்ல, கழுத்துல வழியுது, சேலை நனையுது, நான் பாத்துக்கிட்டே நிக்கேன், ஒருத்தி தண்ணி குடிக்கதைப் பாத்து கண்ணு கலங்கி நிக்கவன் உலகத்துலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். அம்மா எளநி வாங்கப் போயிட்டா. எளநி குடுக்கலாமா, நெசமாக் குடுக்கலாமா, ஒண்ணும் செய்யாதேன்னு மூணு ஆள்கிட்டக் கேட்டுட்டுத்தான் போனா.

டாக்டர் திரும்பி வந்தப்ப மூச்சு வாங்குது, ஒருத்தர் வீட்டுல இதே கதைதானாம், மாமியார் டம்ளர் வச்சு அளக்காங்களாம், இன்னொரு வீட்டுல போனை எடுக்கல. இனிமே எல்லார்கிட்டயும் வீட்டு நடப்பைக் கேட்டுப் பதிவு பண்ணப் போறேன், முதல்ல இவங்ககிட்ட ஆரம்பிக்கேன்னு என்னை வெளிய அனுப்பிட்டு, பேச்சைப் பிடிக்க போனைப் போட்டுப் பக்கத்துல வச்சுக்கிட்டாங்க. திரைதான, துணி, சத்தத்தை எங்க மறைக்கும். நான் ஒட்டுக் கேக்கணும்னு நிக்கல, என் காது அப்படி. என்ன சமைக்கிறாங்க, யார் முடிவு பண்றாங்க, தாகம் எடுத்தா என்ன செய்வீங்க. வாயைக் கொப்பளிக்கேன்னு கொஞ்சம் உள்ள எறக்கிருவேன் டாக்டர்ங்கா வடிவு, கள்ளி. சிரிப்பா வருது. எளநி எப்ப வரும், மாப்பிள்ளைக்கு போன் போடணும், பிள்ளை உள்ளயே கிடக்குன்னு கத்தணும், மேல கூண்டுக்குள்ள இருக்க மனுசன் ஆடாம இருக்கணும், எறங்கி வந்தப்புறம் சொல்லலாமா, அது வரைக்கும் நான் தாங்குவேனா. அப்பத்தான் டாக்டர் குரல் கொஞ்சம் எறங்குது. கிட்னி குடுக்கறதுக்கு முன்னாடி, பின்னால மாசமானா பிரஷர் வரலாம்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களான்னு கேக்காங்க. யாரும் சொல்லலைங்கா வடிவு. தெரிஞ்சிருந்தா குடுத்திருப்பீங்களா. ஏன் இதைக் கேக்காங்க. நான் போயிரலாம். இந்தா வாசல், போயிரலாம். கால் நகரல, இம்புட்டு நேரம் ஆடின கால் இப்ப நகரல. அவ குடுத்திருப்பேன்னுதான் சொல்லப் போறா, கண்டிப்பாக் குடுத்திருப்பேன்னு அதே மெதுவான குரல்ல, நான் அதை ஆயுசு பூராச் சுமக்கணும். தலைக்கு மேல காத்தாடி சுத்துது. சொல்லுட்டி, சீக்கிரம் சொல்லித் தொலை.

“அப்பக் குடுத்திருக்க மாட்டேன் டாக்டர்”னா வடிவு. சத்தமாச் சொன்னா. “முதல்ல கல்யாணம். அப்புறம் பிள்ளை. பெத்து எடுத்துட்டு, அதுக்கப்புறம் வேணா குடுத்திருப்பேன். அதுவரைக்கும் எங்கண்ணன் மெஷின்லயே கிடக்கட்டும்னு இருந்திருப்பேன்.” அதுக்குள்ள அவருக்கு ஏதாவது ஆகியிருந்தாலோன்னு டாக்டர் கேட்டாங்க. அவ பாட்டில்ல மிச்சம் இருந்ததைக் குடிக்க சத்தம் கேட்டுச்சு. “தெரியும் டாக்டர். அப்படியும்தான். எழுதிக்கோங்க.” நான் சொவத்துல சாஞ்சுட்டேன். என்ன ஆச்சு எனக்கு, நெஞ்சு வலிக்கணும்லா, செத்தாலும் சாவட்டும்னு கூடப்பிறந்தவ சொல்லுதா, வலிக்கல, வலிக்கவே இல்ல, பொங்கிப் பொங்கி வருது, சிரிப்பா அழுகையான்னு தெரியல. இவதான், இவதான் என் தங்கச்சி, சோத்துத் தட்டை எறிஞ்சவ, இம்புட்டு நாளா எங்கட்டி போயிருந்தே. அவளுக்கு அவ பிள்ளைதான் முதல்ல. பின்ன என்ன, பிள்ளைதான் முதல்ல, எந்தப் பைத்தியக்காரன் வேற சொன்னான். வாயைப் பொத்தினேன், பொத்தியும் சத்தம் வெளிய வந்துட்டு, திரைக்கு உள்ள பேச்சு நின்னுட்டு. அந்த மொறைக்கான் என்னையே பாக்கான்.

“அண்ணே, அங்கனதான் நிக்கியா”ன்னா வடிவு.

“நிக்கேன்.”

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சுட்டி. சாகட்டும்னு விட்டுருப்பியா நீ? வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு.”

“நீ என்ன கிழிச்சிருவே, வாறேன் பாரு”ன்னு உள்ள இருந்து கத்தினா, வார்டே திரும்பிப் பாத்துச்சு.